எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட நான்கு நாள்

தேன்நிலவு என்ற சொல் சிறு வயதிலேயே என் காதில் விழுந்திருந்தது. ஸ்ரீதர் எடுத்த 'தேன் நிலவு' படம் 1961-இல் வந்தது. ஜெமினி கணேசனும் வைஜயந்திமாலாவும் காஷ்மீர் ஏரியில் படகில் போவார்கள். கல்யாணம் ஆனவர்கள் காஷ்மீருக்குப் போவதற்குத்தான் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு புதுச்சேரியில் கன்னியர் நடத்திய பிரெஞ்சுப் பள்ளியில் ஒரு பாடத்தில் 'லூன் த மியெல்' என்று வந்தது. லூன் என்றால் நிலா, மியெல் என்றால் தேன். அட, நம் சொல்தானே என்று நான் நிமிர்வதற்குள், பாடம் நடத்திய சிஸ்டர் அந்த வரியை மட்டும் வேகமாகப் படித்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

1976 தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆகிச் சின்னசேலம் வந்தேன். அப்போது எங்கள் தெருவில் யாரும் தேன்நிலவு போனதில்லை. மறுவீடு, விருந்து, அதோடு சரி. ஆனால் கோயிலுக்குப் போகலாம். அதை யாரும் தடுக்க மாட்டார்கள். "ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிட்டு வாங்க, அடுத்த வருசம் தொட்டில் கட்டலாம்" என்று என் மாமியாரே சொன்னார். குடும்பத்தோடு போவதாகத்தான் முதலில் பேச்சு. பங்குனியில் மல்லாட்டை பிடுங்கும் வேலை சேர்ந்துகொண்டது. ஆள் கிடைக்காத நேரம். நிலத்தை விட்டு யாரும் வர முடியவில்லை. நாங்கள் இருவர் மட்டும் போனோம். எங்கள் தேன்நிலவுக்கு நான் மல்லாட்டைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த நான்கு நாளில் நாங்கள் கோயில் பார்த்தோம், கடல் பார்த்தோம். இன்று நினைத்துப் பார்த்தால் நினைவில் நிற்பதெல்லாம் சாப்பிட்ட இடங்கள்தான். காரணம் சொல்கிறேன்.

புகுந்த வீட்டில் முதல் பந்தி ஆண்களுக்கு. அடுத்தது பிள்ளைகளுக்கு. அவர்கள் எழுந்த பிறகு அத்தையும் நாத்தனாரும் நானும் அடுப்படியிலேயே உட்காருவோம். அவர் சாப்பிட்ட இலையிலேயே நான் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். என் பிறந்த வீட்டிலும் அம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவார், அதனால் இது எனக்குப் புதிதாகப் படவில்லை. ஆனால் கல்யாணமாகி இரண்டு மாதம் ஆன பிறகும் என் வீட்டுக்காரர் எப்படிச் சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது. குனிந்து பரிமாறுகிறவளுக்கு எதிரில் இருப்பவரின் உச்சந்தலைதானே தெரியும்? எது பிடிக்கும், எதை ஒதுக்குவார் என்பதைக் கூட இலையில் மிச்சம் இருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

சின்னசேலத்தில் ரயில் ஏறி, விருத்தாசலத்தில் மாறி, ராமேஸ்வரம் வண்டியைப் பிடித்தோம். எல்லாம் மீட்டர்கேஜ் பாதை. வெளியில் சாப்பிடக் கூடாது என்று அத்தை புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தார். ஒன்றரை நாள் தாங்கும் அளவுக்கு நல்லெண்ணெய் விட்டுக் கிளறியது. கூடவே ஒரு கட்டளை: "கோயிலுக்குப் போற எடத்துல கவிச்சி தொடக் கூடாது." கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் கடினமான கட்டளை. சின்னசேலத்தில் மீன் என்றால் ஏரி மீன். கெண்டை, கெளுத்தி, எப்போதாவது விரால். கல்யாணமானதிலிருந்து நான் கடல் மீனைக் கண்ணால் பார்க்கவில்லை. இப்போது தீவுக்கே போகிறேன், நான்கு பக்கமும் கடல், ஆனால் மீன் கூடாது!

பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது கடைசிப் பிடி புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். 1914-இல் திறந்த பாலம். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம். கப்பல் வந்தால் நடுவில் இருக்கும் தூக்குப் பகுதியை ஆட்கள் நெம்புகோலைச் சுற்றித் திறப்பார்கள். அப்போது தீவுக்குச் சாலைப் பாலம் கிடையாது. அது 1988-இல்தான் வந்தது. அரிசி, பருப்பு, காய்கறி, விறகு என்று அத்தனையும் ரயிலில் வர வேண்டும், இல்லாவிட்டால் தோணியில். இதை எனக்குப் புரியவைத்தது நாங்கள் முதலில் சாப்பிட்ட ஓட்டல்தான்.

கோயிலின் கிழக்குப் பக்கம் ஒரு சைவ ஓட்டல். வாசலில் வடநாட்டு யாத்திரிகர்கள் கூட்டம். அவர்களுக்காகச் சப்பாத்தியும் பருப்பும் தனியாக ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் அந்தக் கால ஓட்டல்களில் வழக்கமாக இருக்கும் பலகை: "இங்கு அரசியல் பேசக் கூடாது." எங்களைப் பார்த்ததும் கல்லாவில் இருந்தவர், "ஃபேமிலி ரூம் காலியா இருக்கு, உள்ள போங்க" என்றார். மரத்தடுப்பு, பச்சைத் திரை, ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. சாப்பிடுகிற பெண் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் திரையை இழுத்துவிட்டதும் அது எங்கள் இருவருக்கு மட்டுமான அறையாகிவிட்டது. ஒன்பது பேர் இருக்கும் வீட்டில் பகலில் எங்களுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்ததில்லை.

சர்வர் வந்தார். தோளில் துண்டு. அவரிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு என்ன?" என்றார்.

உனக்கு என்ன வேண்டும் என்று என்னை ஒருவர் கேட்டது அப்போதுதான் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கள் பிரெஞ்சுப் பாடநூலில் 'உணவகத்தில்' என்று ஓர் உரையாடல் உண்டு. வகுப்பில் ஒருத்தி பணியாளாக நிற்பாள், இன்னொருத்தி வாடிக்கையாளராக உட்கார்ந்து சூப்பும் மீனும் கேட்பாள். கடைசியில் "லாதிசியோன், சில் வூ ப்ளே" என்று பில் கேட்க வேண்டும். நான் அதில் நல்ல மதிப்பெண் வாங்கினவள். பாரிஸில் ஓட்டலுக்குப் போனால் என்ன பேச வேண்டும் என்று தெரியும். ஆனால் இருபத்தைந்து வயது வரை எந்த ஊரிலும் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எடுப்புச் சாப்பாடு வீட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"ரவா தோசை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அவங்களுக்கு ரவா தோசை" என்று அவர் உரக்கச் சொன்னார். தோசை வந்தது. ஓரம் முறுகலாக, ஆவி பறக்க. இரண்டு பேர் இலையிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. அன்றுதான் பார்த்தேன்: அவர் தோசையை நடுவிலிருந்து பிய்ப்பார், முறுகலான ஓரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். சட்னியைத் தொட மாட்டார். நான் ஓரத்திலிருந்து தொடங்குகிறவள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவு வேகமாவா சாப்புடுவே?" என்றார். அடுப்படியில் சாப்பிடுகிறவர்கள் எல்லாம் வேகமாகத்தான் சாப்பிடுவார்கள். அடுத்த வேலை காத்திருக்குமே.

மத்தியானச் சாப்பாட்டில் சாம்பாரில் பூசணிக்காய், பொரியல் வாழைக்காய். இரவும் பூசணிக்காய். மறுநாளும் அதுதான். சர்வரிடம் கேட்டார். "தீவுல மணல்தாங்க, என்ன காய் விளையும்? அக்கரையில இருந்து வண்டி வந்தா காய். வண்டி லேட்டானா பூசணி. வண்டியே வரலைன்னா அப்பளம்" என்றார். அன்றிலிருந்து எந்த ஊர் ஓட்டலுக்குப் போனாலும் சாம்பாரில் என்ன காய் என்று பார்ப்பேன். அந்த ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது என்று அது சொல்லிவிடும்.

இரண்டாம் நாள் தீர்த்தமாடினோம். முதலில் கடலில் அக்னி தீர்த்தம். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். பெரும்பாலும் கிணறுகள். மேலே நின்று வாளியில் மொண்டு தலையில் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரும் ஒவ்வொரு ருசி. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இனிப்பான தண்ணீர்! முடிந்தபோது பற்கள் கிட்டித்துவிட்டன. துணி மாற்றிக்கொண்டு நேராக அதே ஓட்டலுக்குப் போய்ச் சூடாக ரசம் வாங்கி டம்ளரில் குடித்தோம். ரெஸ்தோரான் என்ற பிரெஞ்சுச் சொல் முதலில் கடையைக் குறித்ததில்லை. களைத்த உடம்பைத் தேற்றும் ஒரு சூப்புக்குத்தான் அந்தப் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் அந்த சூப்பை விற்ற கடைகளுக்கே பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதை நான் ரசம் குடித்துக்கொண்டே அவருக்குச் சொன்னேன். "பரவால்ல, நீ படிச்ச பிரெஞ்சு ரசத்துக்கு உதவுது" என்றார். அவர் கேலி பேசக்கூடியவர் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் நான் மெல்ல ஆரம்பித்தேன்.

"என்னங்க, தீர்த்தமாடியாச்சு இல்ல?"

"ஆச்சு."

"சாமி கும்பிட்டாச்சு இல்ல?"

"ஆச்சு. ஏன்?"

"பாம்பன்ல மீன் நல்லா இருக்குமாம்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா கேட்டா என்ன சொல்றது?" என்றார். "கோயிலுக்குப் போற எடத்துலதானே கூடாதுன்னாங்க? பாம்பன்ல நாம கோயிலுக்குப் போகலியே" என்றேன். தாலுகா அலுவலகத்தில் ஒரு வருடம் கோப்பு பார்த்தவள் நான். உத்தரவின் வாசகத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரயிலேறிப் பாம்பனில் இறங்கினோம். மிலிட்டரி ஓட்டல் என்று பலகை போட்ட கடை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. கரைக்குப் போகும் வழியில் பனையோலைக் கொட்டகை ஒன்றில் ஒரு அம்மாள் சோறு போட்டுக்கொண்டிருந்தார். நீளமாக ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். ஃபேமிலி ரூம் இல்லை, திரை இல்லை. கடலிலிருந்து வந்த ஐந்தாறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்கள். அவ்வளவு ஆண்களுக்கு நடுவில் நான் உட்காருவதா என்று அவர் தயங்கினார். அதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன். பசி ஒரு பக்கம். குழம்பு வாசனை இன்னொரு பக்கம்.

விளைமீன் குழம்பு, காரல் மீன் சொதி, கணவாய் வறுவல். எங்கள் புதுச்சேரிக் குழம்பில் வடகம் தாளிப்போம். வெங்காயம், பூண்டு, உளுந்து எல்லாம் சேர்த்து உருட்டிக் காயவைப்பது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு மயங்கி 'வதூவான்' என்று பெயர் வைத்து அவர்கள் சமையலிலும் சேர்த்துக்கொண்டார்கள். பாம்பனில் வடகம் இல்லை. தேங்காய்ப்பால் தூக்கலாக இருந்தது. சொதியில் புளியே இல்லை. இலங்கைக் கரை பக்கத்தில் இருப்பது நாக்கில் தெரிந்தது. முதல் பிடியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரத்தால் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவர் பாடுதான் திண்டாட்டம். காரல் மீன் கையகலம் கூட இருக்காது, ஆனால் முள் நிறைய. ஏரி மீன் சாப்பிட்டுப் பழகிய கைக்கு அது பிடிபடவில்லை. ஒவ்வொரு முள்ளாகப் பொறுக்கிக்கொண்டு திணறினார். நான் வழக்கப்படி என் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, முள் எடுத்து எடுத்து அவர் இலையில் வைக்க ஆரம்பித்தேன். அதைச் சோறு போட்ட அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏ தாயி, அவரே எடுக்கட்டும். நீ சாப்பிடு, ஆறிப்போகுது" என்றார்.

சொல்லிவிட்டு அவர்பாட்டுக்கு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "சாப்பிடு. எப்படி எடுக்கணும்னு மட்டும் சொல்லு" என்றார். சொன்னேன். முதுகுப் பக்கம் விரலால் அழுத்து, நடுமுள்ளை வாலிலிருந்து தூக்கு, பக்கத்து முள் தானாக வரும். மூன்றாவது மீனில் அவருக்கு வந்துவிட்டது. நான் சூடு ஆறுவதற்குள் என் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். மறுசோறும் வாங்கிக்கொண்டேன்.

அந்த அம்மாள் பெயர் கேட்கவில்லை. முகம் கூட இப்போது தெளிவாக இல்லை. சொன்ன வாக்கியம் மட்டும் நினைவிருக்கிறது.

நான்காம் நாள் மாலை ஊர் திரும்ப ராமேஸ்வரம் நிலையத்தில் காத்திருந்தோம். அன்று தலைமன்னாரிலிருந்து கப்பல் வந்திருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இலங்கைக் கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வரும். அதே ஆண்டு அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் போட்ட ஒப்பந்தப்படி, மலையகத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஏற்பாடு. அந்தக் குடும்பங்கள் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. தகரப்பெட்டி, பாய்ச்சுருள், மண்டபம் முகாமுக்கு ரயிலுக்காகக் காத்திருக்கும் முகங்கள். ஆறேழு வயதுப் பெண் குழந்தை ஒன்று நிலையத்துக் கடையில் நின்று "பாண் தாங்க, பாண்" என்று கேட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரருக்குப் புரியவில்லை. வெற்றிலைபாக்கு விற்கிற இடத்தைக் கைகாட்டினார். குழந்தை அழ ஆரம்பித்தது.

எனக்குச் சட்டென்று புரிந்தது. பிரெஞ்சில் ரொட்டிக்கு 'பேன்' என்று பெயர். போர்த்துகீசியர் சொன்னதும் கிட்டத்தட்ட அதே சொல். அவர்கள் விட்டுப்போனதுதான் இலங்கையில் பாண். "ரொட்டி கேக்குதுங்க" என்றேன். கண்ணாடிச் சாடிக்குப் பக்கத்தில் இருந்த ரொட்டியை எடுத்துக் கொடுத்தார். அந்தக் குழந்தை இந்தியாவில் சாப்பிட்ட முதல் உணவு அதுவாகத்தான் இருந்திருக்கும். நாங்கள் சந்தோஷத்துக்கு வெளியில் சாப்பிட வந்தவர்கள். அவர்களுக்கு வீடும் அடுப்பும் எங்கே என்றே இனிமேல்தான் தெரிய வேண்டும். இருவரும் சாப்பிட்டது ஒரே தீவில்தான். அதை அன்று இரவு ரயிலில் வெகுநேரம் பேசிக்கொண்டு வந்தோம்.

ஊருக்கு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய். மறுநாளே பழையபடி முதல் பந்தி, இரண்டாம் பந்தி. "நீயும் உக்காரு" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அத்தை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவரே குனிந்துகொண்டார். ஆனால் அந்த மாதச் சம்பள நாளில் அவர் பள்ளிக்கூடம் முடிந்து பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து அலுவலக வாசலில் நின்றார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலுக்குப் போனோம். அங்கேயும் ஒரு பச்சைத் திரை. பிறகு ஒவ்வொரு சம்பள நாளும் அப்படித்தான். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் விடவில்லை.

அத்தைக்கு அறுபது வயதிருக்கும்போது கண் காட்டுவதற்காகக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனோம். திரும்பும்போது பசிக்கிறது என்றார். அதே ஓட்டல். முதலில் உள்ளே வரவே தயங்கினார். தோசை வந்ததும் ஒரு விள்ளல் வாயில் வைத்துவிட்டு, "சூடா இருக்கு" என்றார். புகார் சொல்கிறாரோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஒருத்தர் போட்டு நான் சூடாத் தின்னு எத்தனையோ வருசமாச்சு" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பந்தி வழக்கத்தை யாரும் எடுத்துச் சொல்லி மாற்றவில்லை. அத்தையே ஒருநாள் இரவு, "எல்லாம் ஒண்ணா உக்காருங்க, வேணுங்கறத எடுத்துப் போட்டுக்கலாம்" என்றார்.

என் தங்கையின் பேத்தி டெக்ஸாஸில் இருக்கிறாள். கல்யாணமானதும் மெக்சிகோவின் கொசுமெல் தீவுக்குப் போனாள். அங்கே விடுதிகளில் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்களாம். அதைக் காட்டினால் விடுதிக்குள்ளேயே எல்லா வேளையும் சாப்பாடு. இவர்கள் ஒருநாள் அதை விட்டுவிட்டு ஊருக்குள் போய் 'கொசீனா எகொனோமிகா' என்ற கடையில் சாப்பிட்டிருக்கிறார்கள். சிக்கனச் சமையலறை என்று அர்த்தம். நம் ஊர் அளவு சாப்பாடு மாதிரி, உள்ளூர் ஆட்கள் மத்தியானம் சாப்பிடும் இடம். இன்னொரு நாள் கடற்கரைக் கடை ஒன்றில், சிவப்பு விதை அரைத்துப் புளிப்பு நாரத்தைச் சாற்றில் ஊறவைத்து வாழை இலையில் சுற்றிச் சுட்ட மீன். டிக்கின் ஷிக் என்று பெயராம். படம் அனுப்பியிருந்தாள். வாழை இலையைப் பார்த்ததும் நெருங்கிய சொந்தம் மாதிரி இருந்தது. நம் மிளகாயே அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்ததுதானே. "அவருக்கு இவ்வளவு காரம் ஆகாதுன்னு இப்பத்தான் தெரிஞ்சது பாட்டி" என்று எழுதியிருந்தாள். மூன்று வருடம் பழகிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் அவர்கள். அப்படியும் இதைத் தெரிந்துகொள்ள ஒரு தீவும் ஒரு சின்னக் கடையும் தேவைப்பட்டிருக்கிறது.

புதுசாகக் கல்யாணமாகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எங்கே வேண்டுமானாலும் போங்கள். பழகிய சாப்பாடு கிடைக்கும் இடத்தையே தேடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் உட்காரும் பெஞ்சில் இடம் கேட்டு உட்காருங்கள். அங்கே அவள் வீட்டு வழக்கமும் இல்லை, அவன் வீட்டு வழக்கமும் இல்லை. இரண்டு பேருக்கும் மூன்றாவது ஒருவர் பரிமாறுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கிறது.

இப்போது பாம்பனில் புதிய ரயில் பாலம் வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்தார்கள். சாலை வழியாகக் காய்கறி லாரி தினமும் போகிறது. சாம்பாரில் பூசணியைத் தவிர மற்றதும் இருக்குமாக இருக்கும். சின்னசேலத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐஸ் பெட்டியில் கடல் மீன் வருகிறது. காரல் கிடைத்தால் அவர்தான் வாங்கி வருவார். முள் எடுப்பதில் இப்போது என்னைவிட அவர் கைதான் வேகம்.